உள்ளே இருந்ததா, அப்போது பிறந்ததா

அரசிக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையுடன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நீ போனில் சொன்னபோது உன் அப்பாதான் பேசினார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நான் வராமல் இருந்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. போனில் வந்தால் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, மாப்பிள்ளை நன்றாக இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நான் சொல்ல நினைப்பது அதுவல்ல. அதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றது எல்லாம் சுலபமாக வரும். எனக்கு உன் மேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை. தெருவில் கிருத்திகைக்குப் போட்ட கோலத்தைப் பார்த்து வருகிற பொறாமை மாதிரி வந்து போகிறதும் இல்லை. பல வருடமாக என்னுடனேயே எழுந்து, என்னுடனேயே சமைத்து, என்னுடனேயே ரயில் ஏறி வருகிற பொறாமை.

இங்கே கள்ளிக்குப்பத்தில் யாரிடம் இதைச் சொல்ல முடியும்? பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா என்னைக் காணும்போதெல்லாம், "உனுக்கின்னாக்கா, ராணியாட்டம் பொண்ணு, பாரின்ல கீது" என்கிறாள். நானும் சிரித்து வைக்கிறேன். பெற்றவளுக்கு இருக்க வேண்டியது பெருமைதான் என்று ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது. பெருமையும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் பனியில் நிற்கிறாயே, அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானத்தில் போகிறாய், புதுப்புதுச் சட்டை போடுகிறாய், அதிலும் ஒன்றும் இல்லை. இன்னொரு போட்டோ இருந்தது. தலையில் மஞ்சள் தொப்பியுடன், நிலத்துக்கடியில், நம் தெருவிலுள்ள எந்த வீட்டையும்விட உயரமான ஒரு கருவிக்குப் பக்கத்தில், கையை அதன் மேல் சாதாரணமாக ஊன்றிக்கொண்டு நிற்கிறாய். அந்தக் கையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் என்பது உனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் படிப்பு என்ற இடத்தில் நிரப்புவதுபோல உனக்கு அது ஒரு தகவல். எனக்கு எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருந்ததும் உனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கோபம் வரும்போதெல்லாம் அதைச் சொல்வேன். கல்யாணம் முடிந்து அம்பத்தூர் வந்த புதிதில் உன் அப்பாவிடம் கேட்டேன். ஆவடி ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து கையில் கிரீஸ் போகத் தேய்த்துக்கொண்டிருந்தார். "படிக்கலாம், படிக்கலாம், ஒரு வருசம் போவட்டும்" என்றார். வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு வருடம் மட்டும் முடியவே இல்லை. நடுவில் நீ பிறந்தாய். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மண்ணூர்பேட்டைப் பக்கம் டி.வி. செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த வேலையைப் பற்றி நீ உன் நண்பர்களிடம் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. அம்மா டி.வி. கம்பெனியில் இருந்தாள் என்று சொல்வாயாக இருக்கும். நான் செய்தது இதுதான். வண்ணப் பெட்டி வந்த புதிது. பிக்சர் டியூபின் கழுத்தில் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள் இருக்கும், கன் என்போம். அவற்றிலிருந்து எலக்ட்ரான் கிளம்பி, இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தில் வேகம் எடுத்து, திரையில் போய் மோதும். மோதின இடம் ஒளிரும். மூன்று நிறமும் ஒரே கோட்டில் விழும்வரை கழுத்தில் மாட்டிய காந்த வளையங்களை நகத்தால் தள்ளுவது போலத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பெட்டிக்குப் பின்பக்கம், எதிரே ஒரு கண்ணாடி, அதில் திரை தெரியும். நாள் முழுக்க அதுதான். வரிசையில் இருந்த மற்றப் பெண்களுக்கு அது கோடு. எனக்கு மட்டும் அது எலக்ட்ரான். காந்தத்தை இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் வளைகிறது என்பது கல்லூரியில் கரும்பலகையில் படித்த விஷயம், இங்கே என் விரலில் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவில் ஒரு பெரிய வளையத்தில் துகள்களை மோதவிட்டுப் புதிய துகள்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் ஒரு ஓரத்தில் வந்தது. படித்துவிட்டு, அட, இது நம் டியூபுக்குப் பெரியண்ணன் என்று நினைத்தேன். வேகம் எடுக்க வைக்க மின்சாரம், வளைக்கக் காந்தம், மோத ஒரு இடம், பார்க்க ஒரு கண். வேறு என்ன? அதை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த விசாலாட்சியிடம் சொன்னால், "வூட்ல இன்னா கொழம்பு" என்று கேட்டிருப்பாள்.

நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது தொழிற்பேட்டையில் ஒரு சங்கக் கட்டடத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் நடந்தது, நினைவிருக்கிறதல்லவா. நினைவிருக்கிறது என்று இப்போது நன்றாகவே தெரியும், அதில்தான் வந்தது எல்லாம். பம்பாயிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து துகள் முடுக்கிகளைப் பற்றித் தமிழிலேயே பேசப்போகிறார் என்று எங்கள் கம்பெனி நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். போக வேண்டும் என்றது நான். உனக்கு அன்று டெஸ்டுக்குப் படிக்க வேண்டியிருந்தது, முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். உன் அப்பாவுக்குக் கூட்டம் முடிந்ததும் பூந்தமல்லியில் வேலை இருந்தது, அதனால் கூடவே வந்து கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்த மனிதர் அழகாகப் பேசினார், அதை மறுக்க மாட்டேன். நமக்குத் தெரிந்த பொருளெல்லாம் சில துகள்களால் ஆனது, அதே துகள்களைப் போலவே, ஆனால் கனம் கூடின இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன, ஏன் இருக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது என்றார். எலக்ட்ரானையும் அதற்கு நேர் எதிரான துகளையும் ஒரு பெரிய வளையத்தில் எதிரெதிராக ஓடவிட்டு மோதச் செய்தால், இரண்டும் அழிந்து, எலக்ட்ரானைவிட லட்சம் மடங்குக்கும் மேல் கனமான ஒரு துகள் வருகிறது என்றார். அது வந்த கையோடு சிதைந்துவிடும். எத்தனை வழியில் சிதைய முடியுமோ, அத்தனைக்கு அதன் ஆயுள் குறையும். அந்த ஆயுளை அளந்து, கண்ணுக்கும் கருவிக்கும் படாமல் நழுவிப்போகும் நியூட்ரினோ, குடும்பத்துக்கு ஒன்றாக, மூன்றே வகைதான் என்று கணக்கிட்டுவிட்டார்கள், ஆகவே நான்காவது குடும்பத்தைத் தேடி அலைய வேண்டாம் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பார்க்க முடியாததை, அது இல்லாமல் போகிற வேகத்தை வைத்து எண்ணிவிடுவதா? என் பக்கத்தில் நீ பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். யாரோ அணுகுண்டைப் பற்றிக் கேட்டார்கள், யாரோ இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டார்கள். எனக்கு உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. டி.வி. டியூபில் எலக்ட்ரான் மோதினால் வெளிச்சம் வருகிறது, அது புரிகிறது. ஆனால் லேசான இரண்டு மோதி எப்படி அத்தனை கனமான ஒன்று வரும்? அதற்குள்ளேயே ஒளிந்திருந்து உடைந்து வெளியே வந்ததா, இல்லை, மோதின அந்த நேரத்தில்தான் பிறந்ததா? நான் பாதி எழுந்து கேட்டேன். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தொண்டை கட்டியிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கூட்டம் நடத்தியவர், "கேக்கலம்மா, சத்தமா" என்றார். மறுபடி கேட்டேன். குரல் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்போது நீ எழுந்தாய். பெற்றவள் தடுமாறுவதைப் பார்த்து உதவத்தான் எழுந்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சொன்னதை அப்படியே, கணீரென்ற குரலில் சொன்னாய். "உள்ள இருந்தது வெளிய வந்ததா சார், இல்ல அப்பதான் பிறந்ததா?"

அந்த மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று. "இன்னிக்கு கேட்டதுலயே இதான் கேள்வி" என்றார். உன் பெயரைக் கேட்டார். உன்னைப் பார்த்தே பதில் சொன்னார். உள்ளே எதுவும் இருக்கவில்லை, மோதலின் ஆற்றலே பொருளாக மாறுகிறது, உலகம் தோன்றிய முதல் கணங்களில் அளவற்ற சூட்டில் இதுதான் ஓயாமல் நடந்தது, இந்த வளையங்களில் நாம் ஒரு துளி இடத்தில் அதைத் திரும்ப நடத்திப் பார்க்கிறோம் என்றார். எனக்கு உடனே அடுத்த கேள்வி வந்தது. நீங்களே உண்டாக்கின பொருள் இயற்கையில் இருக்கிற பொருள்தான் என்று எப்படித் தெரியும், இயந்திரத்தின் சேட்டையாக இருக்கக் கூடாதா என்று. ஆனால் அவர் கண் என் பக்கம் வரவே இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன், நீ நின்றுகொண்டிருந்தாய். எந்த ஊரில், எந்த வகைத் துகளை மோதவிட்டு உண்டாக்கினாலும் அதே எடையில் அதே பொருள்தான் வருகிறது, அதனால்தான் நம்புகிறோம் என்று பல வருடம் கழித்து நீ எழுதின ஒரு கடிதத்திலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

கூட்டம் முடிந்து அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், முகவரி கொடுத்தார், எழுதச் சொன்னார். படியிறங்கும்போது நீ அந்தச் சீட்டை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தாய். கேட்டது அம்மா என்று நீ அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது நடக்கிறது, அதில் போய் என்ன என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்ததில் இன்றுவரை எனக்குத் திருப்தி இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் பார்த்த பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது. நீ அவருக்கு எழுதினாய், அவர் பதில் எழுதினார், கோடை விடுமுறையில் பம்பாய்க்குக் கூப்பிட்டார். உன் அப்பா ஓடினார். மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் சைதாப்பேட்டைக்கும் ஓடினார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கையெழுத்து, முத்திரை. வெயிலில் முகம் கறுத்துப்போய் வந்து, "ஆயிப்போச்சி கண்ணு, நாளிக்கு வாங்கிக்கலாம்" என்று உன்னிடம் சொல்வார். நான் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். என் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு அவர் கல்லூரிக்கு வந்து போடும் ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டியிருந்தது, அரசி. அதே மனிதர்தான், அதே கால்தான். அன்றைக்கு அந்தக் கால் ஏன் எழவில்லை? உனக்காக அவர் ஓடின ஒவ்வொரு ஓட்டமும் எனக்கு அந்தக் கேள்வியாகவே இருந்தது. பேராசிரியர் சொன்ன அந்த வளையம் இருக்கிற ஐரோப்பாவுக்கு நீ முதல்முறை புறப்பட்ட அன்று தலைவலி என்று சொல்லி நான் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வரவில்லை. அதுவும் அடுப்பில் பால் கதைதான்.

நீ எழுதுகிற கடிதங்களை நான் எத்தனை ஆவலாகப் படிப்பேன் என்றும் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருப்பாய். ஒருமுறை எழுதினாய், வளையத்தில் ஓடுகிற துகள்களின் ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, காரணம் தேடிப் பார்த்தால் நிலா என்று. கடலை இழுக்கிற மாதிரி அது தரையையும் இழுக்கிறது, அத்தனை கிலோமீட்டர் வளையம் ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது என்று. இன்னொருமுறை, அந்தப் பக்கமாகப் போகிற மின்ரயிலிலிருந்து தரையில் கசிகிற மின்சாரம் காந்தங்களைக் கலைக்கிறது, ரயில் ஓடாத நேரத்தில் எல்லாம் அமைதி என்று. இதை நான் பட்டரவாக்கத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டு படித்தேன். பட்டாபிராம் வண்டி வந்தது, கூட்டம் பிதுங்கியது, என் செருப்பை ஒருத்தி மிதித்தாள். வாழ்நாள் முழுக்க மின்ரயிலில்தான் போய் வருகிறேன். எனக்கு அது நெரிசல், உனக்கு அது பௌதிகம். அந்தக் கடிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றபோது வந்த எரிச்சலை நான் மறக்க மாட்டேன். கடிதம் முடிகிற இடத்தில், "இதெல்லாம் உனக்குப் புரியும்படி சொல்லத் தெரியலம்மா" என்று வேறு எழுதியிருந்தாய்.

இப்போது கல்யாணத்துக்கு முந்தின வாரத்துக்கு வருகிறேன். கூடத்தில் நீயும் நானும் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தோம். உன் அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் இருந்தார். முனியம்மா அக்கா ஒரு வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "இன்னாக்கா, நம்ம அரசி போட்டா வந்துகினு கீது, நீ பாட்டுக்கு வெத்தல மடிச்சிகினு கீறியே" என்றாள். நீ வெட்கப்பட்டாய். அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அம்பத்தூரில் பிறந்து, அண்டத்தின் தொடக்கத்தைத் தேடும் பெண் என்றெல்லாம் போட்டிருந்தது. இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்ற கேள்விக்கு நீ சொல்லியிருந்தாய்: பள்ளியில் படிக்கும்போது ஒரு கூட்டத்துக்குப் போனேன், எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது, எழுந்து நின்று கேட்டேன், அந்த ஒரு கேள்விதான் என் வாழ்க்கையை மாற்றியது. பிறகு அந்தக் கேள்வியும் இருந்தது. ஒரு சொல் மாறாமல் இருந்தது.

முனியம்மா அக்கா பத்திரிகையை வைத்துவிட்டுப் போனாள். போனதும் கேட்டேன்.

"அந்தக் கேள்விய யார் கேட்டது?"

"எந்தக் கேள்வி?"

"உள்ள இருந்ததா, அப்ப பிறந்ததா."

"நான்தாம்மா. நீயும் பக்கத்துலதான இருந்த."

நீ பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னால் உன் முகம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் தலையைச் சாய்த்துக்கொள்வாய். அன்று நேராகப் பார்த்துச் சொன்னாய். உன் நினைவில் நீதான் கேட்டிருக்கிறாய், உன் நினைவில் நான் அந்த அறையில் ஒரு புடவையாக உட்கார்ந்திருந்திருக்கிறேன். நான் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, நல்லதாக எதுவும் வந்திருக்காது. அதற்குள் வாசலிலிருந்து உன் அப்பா குரல் வந்தது.

"உங்கம்மாதான் கேட்டா."

நாம் இரண்டு பேரும் திரும்பினோம். அவர் எழுந்து உள்ளே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் பின்னாடி குந்திகினு பாத்துகினே இருந்தேன். இவ எழுந்து கேட்டா. தொண்ட கட்டிகினு இருந்துச்சி, சவுண்டு வரல. அப்பறம் நீ எழுந்து சொன்ன, அம்மா சொன்னத. உள்ள இருந்தது வெளிய வந்துச்சா, இல்ல அப்பதான் பொறந்துச்சான்னு. எனுக்கு அந்தாளு பேசுனது ஒண்ணும் புரில. இந்தக் கேள்வி மட்டும் மண்டைல நின்னுபோச்சி. மிஷின்ல வேல செய்யும்போதுகூட யோசிச்சிருக்கேன்."

"அப்ப ஏன் நைனா ஒருநாளும் சொல்லல?" என்று நீ கேட்டாய்.

"இன்னான்னு சொல்றது. சொல்லாம வுட்டது அது ஒண்ணு மட்டுமா" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, பந்தல்காரனைப் பார்த்து வருகிறேன் என்று போய்விட்டார்.

என்னுடன் இத்தனை வருடம் இருந்த மனிதர், என் குரல் கேட்காத அறையில், கடைசி வரிசையில், அதைக் கேட்டிருக்கிறார். எனக்கு அழ வேண்டுமா சண்டை போட வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை, பை போட உட்கார்ந்தேன். நீயும் எதிரே உட்கார்ந்து நாலைந்து பை போட்டாய். பிறகு நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீ சொன்ன விஷயங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். "அம்மா, நைனா சொன்னா சரியாதான் இருக்கும். ஆனா எனக்கு இப்பவும் நான் கேட்ட மாதிரிதான் ஞாபகம் வருது. நான் யோசிச்ச மாதிரியே ஞாபகம் வருது. அத மாத்திச் சொன்னா உனக்காகச் சொல்ற மாதிரி ஆயிடும்." வேறு ஒருத்தியாக இருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பாள், அதை நான் நம்பியிருக்கவும் மாட்டேன். நீ பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாய். இப்படிப் பேசுகிறவளை ஒரு நல்ல கருவிக்குப் பக்கத்தில் நிற்கவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தபோதே பொறாமையும் வந்தது. என்ன செய்ய, அது என்னுடன் சமைக்கிறது, சாப்பிடுகிறது.

கல்யாண மண்டபத்தில் நடந்த ஒன்றை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. வரவேற்பில் உன் பெரியப்பா, கரண்ட் ஆபீசில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மேடைக்கு வந்து, அந்த மெஷினில் என்னதான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார். நீ சொன்னாய். பொருளுக்கு எடை என்பது எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தெரியாது, ஒரு துகள் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பித் தேடுகிறோம், இந்த இயந்திரத்தில் கிடைக்காவிட்டால் அதே சுரங்கத்தில் இன்னும் பலமான ஒன்றைக் கட்டித் தேடுவோம் என்று தெளிவாகத்தான் சொன்னாய். அவர் தலையாட்டினார், ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து ஆட்டினார். "அப்படீங்களா மாப்ள" என்றார். நீ மறுபடி சொன்னாய். பெரியப்பா மறுபடி மாப்பிள்ளையையே பார்த்தார். நான் பக்கத்தில் பன்னீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு மண்டபம் மறைந்து அந்தச் சங்கக் கட்டடத்து மாடிதான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை, ஆனால் வேறு பிரிவு. அப்போது அவர் சொன்னார், "எனக்கு அது தெரியாதுங்க. நான் செய்யறது வேற. அவகிட்டயே கேளுங்க." சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு உன் மேல் வந்த பொறாமைக்கு ஈடாக இதுவரை எதுவும் வந்ததில்லை. வளையம், சுரங்கம், மஞ்சள் தொப்பி எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். இது அவளுடையது என்று சொல்ல உன் அப்பாவுக்கு இத்தனை வருடம் ஆயிற்று. இந்தப் பையன் முதல் நாள் மேடையிலேயே சொல்லிவிட்டான். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களை மேற்பார்வை பார்க்கப் போன உன் அப்பாவைத் தேடிப்போய், எதற்கென்று தெரியாமல், சாம்பாரில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன். அவர் ருசி பார்த்துவிட்டு, "சரியாத்தான கீது" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பெற்றவள் கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், நிதானமாகப் படி. மாப்பிள்ளை நல்லவர். ஆனால் நீங்கள் இருவரும் ஒரே துறை, ஒரே இடம், ஒரே மேசையில் சாப்பிடுவீர்கள். கேள்விகள் அந்த மேசையில்தான் பிறக்கும். நீ சொல்வாய், அவர் அதை இன்னொருவரிடம் சொல்வார், அவர் ஒன்று சொல்வார், அதை நீ இன்னொருவரிடம் சொல்வாய். நாலு வருடம் போனால் உன் கேள்வி அவருக்குத் தானே யோசித்ததாகவே நினைவிருக்கும், நேராகப் பார்த்துச் சொல்வார், அதில் பொய் இருக்காது. உனக்கே நடந்ததை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியும். அதனால் ஒரு கேள்வி உன்னுடையது என்றால் அன்றைக்கே, பிறந்த சூட்டிலேயே, பிறர் கேட்கும்படி சொல்லிவிடு. தொண்டை கட்டியிருந்தாலும் நீயே சொல். வேறொருவர் எழுந்து உனக்காகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, கேட்டது நான் என்றும் சேர்த்துச் சொல். அவருடையது அவர் வாயிலிருந்து வரும்போது நீயும் ஒரு அடி பின்னால் நகர்ந்து நில். நூற்றுக்கணக்கான பெயர்களோடு உன் கட்டுரை வந்ததே, அதில் உன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். உன் அப்பாவின் முதலெழுத்தும் உன் பெயரும் இருந்தன. என்னுடையது என்று சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. அதற்கு நீ பொறுப்பில்லை, ஊர் வழக்கம் அப்படி. ஆனால் படிக்கும்போது அதைத்தான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா சொன்னதை வைத்துப் பத்திரிகைக்கு மறுப்பு எழுதுகிறேன் என்று விமான நிலையத்தில் சொன்னாய். இந்த முறை நானும் வந்திருந்தேன், தலைவலி இல்லை. எழுத வேண்டாம். அம்மாவின் தியாகம் என்று தலைப்புப் போட்டு என் படத்தையும் கேட்பார்கள். நான் ஒன்றும் தியாகம் செய்யவில்லை, என்னிடமிருந்து போனது போயிற்று. அந்தக் கேள்வியில் தாயையும் மகளையும் வைத்து உவமை தேடவும் வேண்டாம். அது எலக்ட்ரானைப் பற்றிய கேள்வி, அப்படியே இருக்கட்டும். அது உன்னை அங்கே கொண்டுபோய்விட்டது, நீயே வைத்துக்கொள்.

ஆனால் என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது. கம்பெனியை மூடிவிட்டதால் பகலில் நேரம் இருக்கிறது. நேற்று மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஆற்றலிலிருந்து நீங்கள் பொருளை உண்டாக்கும்போதெல்லாம் அது இரட்டையாகத்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரு துகள், அதற்கு எதிரான ஒரு துகள். இரண்டும் சரிசமம், ஒன்று மட்டும் தனியாகப் பிறப்பதே இல்லை, இரண்டும் சந்தித்தால் அழிந்து வெளிச்சமாகிவிடும். அப்படியானால் ஆரம்பத்திலும் அப்படித்தானே பிறந்திருக்க வேண்டும்? எல்லாமே சந்தித்து அழிந்து வெறும் வெளிச்சம் மட்டும்தானே மிஞ்சியிருக்க வேண்டும்? இந்த மாடி, இந்த மிளகாய், நீ, நான், உன் வளையம் எல்லாம் ஒரே வகையால் ஆனவை. சரிசமமாகப் பிறந்த இரண்டில் ஒன்று மட்டும் எப்படித் தங்கியது? மற்றது எங்கே போயிற்று?

இது பழைய கேள்வி, நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என்று நீ சொல்லக்கூடும். சொல். நான் எங்கும் படிக்கவில்லை, நானாக வந்து சேர்ந்தேன். பதில் தெரிந்தால் எனக்கு எழுது, எனக்குப் புரியும்படி என்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம், மாப்பிள்ளைக்கு எப்படி எழுதுவாயோ அப்படி எழுது. தெரியாவிட்டால் அங்கே இருப்பவர்களிடம் கேள். எழுந்து நின்று, உன் கணீரென்ற குரலில் கேள். கேட்பதற்கு முன்னால், இதைக் கேட்பது கள்ளிக்குப்பத்தில் இருக்கும் என் அம்மா என்று சொல்.

உன் அம்மா